கையால் எழுதுவது, கீறுவது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் 20 வருடங்களுக்கு மேலாக உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்து வருகிறேன். வகுப்புக்குள் வந்ததும் போனை வைத்துவிட்டுக் கொப்பியை எடுக்கச் சொல்வேன். புத்தகத்திலுள்ள படத்தைப் பார்த்துக் கீறாமல், பொருளைக் கையில் வைத்துப் பார்த்துக் கீறச் சொல்வேன். இதைப் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோரும், இப்போது வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தனித்தனியே சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

"ரீச்சர், குறிப்பெல்லாம் போனுக்கு பிடிஎஃப் ஆக வருகுது. பிறகு ஏன் எழுத வேணும்?"

நான் ஒரு மணித்தியாலத்தில் பேசுவதை முழுதாக எழுத எந்தக் கையாலும் முடியாது. அதனால் பேனை பிடித்திருக்கும் பிள்ளை ஒவ்வொரு நிமிடமும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது, ரீச்சர் இப்போது சொன்னது முன்பு சொன்னதற்கு உதாரணமா அல்லது புது விடயமா? நீண்ட வசனத்தை மனதில் பிடித்து வைத்து, சுருக்கி, தன் சொல்லில் போட வேண்டும். அந்த வேலை நடக்கும்போதுதான் பாடம் உள்ளே போகிறது. மாலை வீட்டுக்குப் போய்ப் படிக்கப் போவதில் பாதியை அந்தப் பிள்ளை வகுப்பிலேயே படித்துவிடுகிறது.

கை மெதுவாகப் போவதைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் அதன் பெரிய பலம். கரும்பலகையைப் போனில் படம் எடுப்பதற்கு ஒரு செக்கன் போதும். அந்த ஒரு செக்கனில் மனம் எதையும் தெரிவு செய்வதில்லை. போனில் நூற்றுக்கணக்கில் கரும்பலகைப் படங்களை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எது எந்தப் பாடம் என்று தெரியாமல் அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இது ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டதா, அல்லது பழைய ஆட்களின் நம்பிக்கையா?

ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் அதை உள்ளபடி சொல்ல வேண்டும். கையெழுத்தின் மேல் உள்ள பாசத்தில் கூட்டிச் சொன்னால் பிள்ளைகள் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதிகம் பேசப்படுவது 2014 இல் அமெரிக்காவில் பாம் முல்லரும் டானியல் ஒப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு. பல்கலைக்கழக மாணவர்கள் விரிவுரைக் காணொளிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள்; சிலர் மடிக்கணினியில், சிலர் கையால். மடிக்கணினிக்காரர் அதிக சொற்களை, பேச்சாளர் சொன்னபடியே எழுதியிருந்தார்கள். "அப்படியே எழுதாதீர்கள்" என்று முன்கூட்டியே சொன்னபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெறும் தகவல் கேள்விகளில் பெரிய வித்தியாசம் இல்லை. விளங்கிப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முன்னுக்கு நின்றார்கள். பின்னர் வேறு குழுக்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தன. 2021 இல் வந்த மறு ஆய்வில், தட்டச்சு செய்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது மீண்டும் உறுதியானது. ஆனால் உடனே வைத்த சோதனையில் புள்ளி வித்தியாசம் தெளிவாக வரவில்லை. ஆகவே "பேனை எடுத்தால் புள்ளி கூடும்" என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. என் வகுப்பில் புள்ளி கூடுவது எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பிள்ளைக்குத்தான்.

மற்றது நோர்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரில் செய்த ஆய்வு, 2024 இல் வெளிவந்தது. 36 மாணவர்களின் தலையில் 256 உணரிகள் கொண்ட வலையை மாட்டி, சொற்களைக் கையால் எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். கையால் எழுதும்போது மூளையின் வெவ்வேறு பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவது மிகப் பரவலாக இருந்தது. அதிலும் ஒரு குறை உண்டு. தட்டச்சு செய்தவர்கள் ஒரே ஒரு விரலால்தான் தட்டினார்கள். எவ்வளவு ஞாபகம் நின்றது என்று அந்த ஆய்வு அளக்கவில்லை. என்றாலும் நான் அதை நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன். "அ" எழுதும்போது விரல் போகும் பாதையும் "ழ" எழுதும்போது போகும் பாதையும் வேறு. விசைப்பலகையில் எல்லா எழுத்துக்கும் ஒரே தட்டுத்தான்.

எனக்குக் கீறவே வராது. கீறுவதால் எனக்கு என்ன பயன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிக விரும்பிப் பதில் சொல்வேன். படம் கீறுவது படம் அழகாக வருவதற்காக என்று யாரோ சின்ன வயதில் எங்கள் மனதில் போட்டுவிட்டார்கள். சித்திர பாடத்தில் புள்ளி குறைந்ததும் பென்சிலை வைத்துவிடுகிறோம். உயிரியலில் கீறுவது பார்ப்பதற்காக.

ஒவ்வொரு வருடமும் முதல் மாதத்தில் பிள்ளைகளை ஆளுக்கொரு செவ்வரத்தம் பூ கொண்டுவரச் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை இல்லாத வேலி குறைவு. தினமும் சாமிக்கு வைக்கும் பூ. முதலில் பூவைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து கீறச் சொல்வேன். ஐந்து அல்லி, அதாவது இதழ், வந்துவிடும். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றித் தனித்தனியே நிற்கும் கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் பகுதிகள்) என்று பெரும்பாலானவர்கள் கீறுவார்கள். அதன்பின் பூவைக் கையில் வைத்து அரை மணித்தியாலம் கீறச் சொல்வேன். பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை கேட்கும்: "ரீச்சர், கேசரம் தனியா இல்லையே, எல்லாம் ஒரு குழாயில இருந்தெல்லோ வருகுது?" ஆம், கேசரங்களின் இழைகள் ஒட்டிக் குழாயாகி, பூவின் பெண் பகுதியின் தண்டான தம்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கின்றன. உச்சியில் மகரந்தம் ஒட்டும் குறி ஐந்தாகப் பிரிந்து நிற்கிறது. பூவின் அடியில் பச்சையாக இருக்கும் புல்லிகளுக்கு வெளியே இன்னொரு பச்சை வட்டம் இருப்பதை அடுத்த பிள்ளை கண்டுபிடிக்கும். பிறந்ததிலிருந்து பார்த்து வந்த பூவை அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இது ஒரு வரிக் குறிப்பாகப் போயிருக்கும். கோட்டை எங்கே முடிப்பது என்று பென்சில் கேட்டதால்தான் கண் தேடிப் போனது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016 இல் வெளியிட்ட ஆய்வுத் தொடர் ஒன்று இதையே வேறு விதமாகக் காட்டியது. சொற்களைக் கொடுத்து, சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சிலவற்றைப் படமாகக் கீறவும் சொன்னார்கள். கீறிய சொற்கள் கூடுதலாக ஞாபகத்தில் நின்றன. ஒரு சொல்லுக்கு 4 செக்கன் மட்டும் கொடுத்தபோதும் அப்படித்தான். படத்தின் அழகு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அதே குழு பின்னர் வயதானவர்களிடமும் அந்தப் பயனைக் கண்டது. ஆகவே மருந்துப் பெயர்களும் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளும் மறந்துபோகிறது என்று சொல்லும் அம்மம்மாவுக்கும் பென்சில் கொடுத்துப் பாருங்கள்.

நரம்புக் கலங்கள் தனித்தனியானவை என்று காட்டிய ஸ்பானிய விஞ்ஞானி ரமோன் இ கஹால் நுணுக்குக்காட்டி வழியே பார்த்துப் பார்த்துக் கீறிய ஆள். சின்ன வயதில் ஓவியர் ஆக விரும்பினார், தகப்பன் மருத்துவத்துக்கு அனுப்பினார். 1906 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கீறிய படங்கள் இன்றைக்கும் நரம்பியல் புத்தகங்களில் வருகின்றன.

வகுப்பில் கொப்பி ஓரத்தில் கிறுக்கிக்கொண்டே இருக்கிறான். கண்டிக்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்தில் ஜாக்கி ஆன்ட்ரேட் என்ற உளவியலாளர் 2009 இல் 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கக் கொடுத்தார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளிலிருந்த வடிவங்களை நிரப்பினார்கள். பின்னர் கேட்டபோது அவர்களுக்கு 29 சதவீதம் கூடுதலாக ஞாபகம் இருந்தது. கை சும்மா ஏதோ செய்யும்போது மனம் பகற்கனவில் தொலையாமல் இருந்திருக்கலாம் என்பது அவருடைய விளக்கம். ஆனால் பிள்ளை கதைப்படம் கீறத் தொடங்கி அதிலேயே மூழ்கிவிட்டால் அது வேறு விடயம். நான் செய்வது இதுதான்: கிறுக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பேன். பதில் வந்தால் கிறுக்கலை விட்டுவிடுவேன்.

சின்னப் பிள்ளைக்கு எப்போது எழுதத் தொடங்கலாம்? பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வயதிலேயே எழுதுகிறாள்.

விஜயதசமியிலோ தைப்பூசத்திலோ ஏடு தொடக்குகிறோம். மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து "அ" எழுதுவிக்கிறோம். அடுத்த நாளே கையில் பென்சிலைத் திணித்து ஒரு பக்கம் நிரப்ப வேண்டும் என்று அந்தச் சடங்கு எங்கும் சொல்லவில்லை. அரிசியில் எழுதியது போலவே இன்னும் ஒன்றிரண்டு வருடம் முற்றத்து மணலில், ஈரச் சுவரில், மாவில் எழுதட்டும். தைப்பொங்கலுக்குக் கோலம் போடும்போது ஒரு மூலையைப் பிள்ளைக்கு விடுங்கள். பயற்றங்காய் உடைப்பது, பூ கோர்ப்பது, மா பிசைவது எல்லாம் விரலுக்குப் பயிற்சி. விரல் பலப்படுவதற்கு முன் பென்சிலைத் திணித்தால் இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் வந்துவிடும். அதை மாற்றுவது பெரிய பாடு.

பென்சில் கொடுக்கும்போது கட்டையாகத் தேய்ந்த துண்டைக் கொடுங்கள். சின்ன வெண்கட்டித் துண்டும் நல்லது. கட்டையானதை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும்.

எழுத்தின் மேல் கோடு ஓட்டுவதோடு நிறுத்தவும் வேண்டாம். இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, இன்னும் வாசிக்கப் பழகாத 15 பிள்ளைகளை வைத்துச் செய்தது. சில எழுத்துகளைப் பிள்ளைகள் தாங்களாக எழுதினார்கள், சிலவற்றின் மேல் கோடு ஓட்டினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பின்னர் அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கான் செய்து பார்த்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் தெளிவாக இயங்கியது தாங்களாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே. கோணலாக வந்தாலும் பிள்ளை தானாக எழுதிய எழுத்துத்தான் பயன் தருகிறது. கோணலைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், உடனே அழிறப்பரை நீட்டவும் வேண்டாம்.

பிள்ளை இடக்கையால் எழுதுகிறது. மாற்றவா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையை மாற்றப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை எழுத்தை வெறுத்ததுதான் மிச்சம். ஏடு தொடக்கும்போது வலக்கை விரலைப் பிடித்தால் பிடிக்கட்டும், அது ஒரு நாள். கொப்பியின் மேற்பக்கம் வலப்புறம் சாயும்படி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரட்டும். மை கெதியாகக் காயும் பேனை வாங்கிக் கொடுங்கள்.

போனில் தமிழ் நன்றாக எழுதுகிறாள், கொப்பியில் எழுத்துப்பிழை மலிந்து கிடக்கிறது. ஏன்?

போன் அவளுக்காகத் தெரிவு செய்கிறது. இரண்டு எழுத்தைத் தட்டினால் முழுச் சொல்லும் வந்து நிற்கிறது. "பணி"யா "பனி"யா, "கரை"யா "கறை"யா என்ற முடிவை அவள் எடுக்கவே இல்லை. சரியானதைப் பார்த்தால் அடையாளம் தெரியும். ஆனால் ஒன்றுமில்லாத தாளில் அதை வரவழைக்கத் தெரியாது. ல, ள, ழ மூன்றையும் ந, ன, ண மூன்றையும் கை பழக வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கிறார்கள். அவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மாதம் ஒரு கடிதம் கையால் எழுதி, படம் எடுத்து அம்மம்மாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தபாலில் போட்டால் இன்னும் நல்லது.

பரீட்சையில் நேரம் போதவில்லை, கையும் நோகிறது.

உயிரியல் இரண்டாம் வினாத்தாளை 3 மணித்தியாலம் கையால்தான் எழுத வேண்டும். வருடம் முழுக்கத் திரையில் படித்துவிட்டு அன்றைக்கு மட்டும் கையை ஓடச் சொன்னால் அது எப்படி ஓடும்? கடைசி மூன்று மாதமாவது கிழமைக்கு ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து முழுதாக எழுதிப் பாருங்கள். பேனையை இறுக்கிப் பிடிப்பதுதான் பெரும்பாலான நோவுக்குக் காரணம். கொஞ்சம் தடித்த பேனை எடுத்து, முழங்கையை மேசையில் வைத்து, விரலை மட்டும் ஆட்டாமல் முன்கையையும் சேர்த்து நகர்த்துங்கள். விரல் விறைத்தால், இரவிலும் நோவு இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கையெழுத்து அழகாக இல்லை.

வாசிக்க முடிகிறதா? சரி, போதும்.

டாப்லெட்டில் பேனையால் எழுதினால் கணக்கில் சேருமா?

சேரும். ட்ரொன்ஹெய்ம் ஆய்விலேயே தொடுதிரையில்தான் எழுதினார்கள். ஆனால் அதே திரையில் வட்ஸ்அப் வந்து கூப்பிடும். கொப்பிக்குள் இருந்து யாரும் கூப்பிடுவதில்லை.

மனம் பாரமாக இருக்கும்போது எழுதினால் குறையுமா?

1986 இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்க்கையின் மோசமான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் கூடுதலாக வருந்தினார்கள். ஆனால் அடுத்த மாதங்களில், நடந்ததையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைவாக இருந்தது. பின்னர் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பயன் இருக்கிறது, ஆனால் சராசரியாகச் சிறியது. கையால்தான் எழுத வேண்டும் என்றும் அவை சொல்லவில்லை. எனக்குக் கொப்பி உதவுகிறது, ஏனென்றால் எழுதி மூடி வைக்கலாம், வேண்டுமானால் கிழித்து அடுப்பில் போடலாம்.

எங்கள் ஊரில் இந்தப் பதிலைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் யாரோ இல்லை. காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாயிடம் "எழுதுங்கோ, சரியாயிடும்" என்று நான் சொல்லமாட்டேன். எழுதத் தொடங்கி நித்திரை குழம்பினால், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடமோ ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலோ கதைக்க வேண்டும். அப்படி இல்லாத நாளாந்தச் சஞ்சலங்களுக்கு, படுக்கப் போகும் முன் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

என்ன கொப்பி, என்ன பென்சில் வாங்குவது? எல்லாம் விலை.

விலைதான். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதன்பின் கொப்பி விலை பழைய இடத்துக்கு வரவில்லை. ஆனால் இதற்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் கீறுவதற்கு மிக நல்லது. போன வருடக் கொப்பிகளில் மிஞ்சிய ஒற்றைகளைச் சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள். நான் உயர்தரம் படித்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடை. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கும் விளக்குத்தான். ஒரே தாளில் முதலில் பென்சிலால் எழுதி, பிறகு அதன் மேலே பேனையால் இன்னொரு பாடம் எழுதியிருக்கிறோம். அந்தக் கஷ்டம் எந்தப் பிள்ளைக்கும் திரும்ப வேண்டாம். ஒரு பென்சில் போதும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கே போய்க் கீறலாம்?

பின்னேரம் வெயில் தணிந்ததும் கோட்டை மதிலில் ஏறுங்கள். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் ஐங்கோணமாக விரித்துக் கட்டியது; மேலே நின்று அந்தக் கோணங்களைக் கீறிப் பார்த்தால் சதுரத்தை விட்டு ஏன் ஐங்கோணம் எடுத்தார்கள் என்று கேள்வி வரும். பண்ணைக் கடலேரிப் பக்கம் திரும்பினால் தண்ணீரில் நட்டிருக்கும் மீன்பிடித் தடிகள். தொடக்கக்காரருக்கு அதைவிட இலகுவான பாடம் இல்லை: நேர்கோடுகளும் அவற்றின் நிழலும்தான். கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே தொடங்குங்கள். கிணற்றடி, துலா, கிடுகு வேலி, நாற்சார் வீடு மிச்சமிருந்தால் அதன் முற்றம். ஒரு பனையை அடியிலிருந்து நுனிவரை கீறிப் பாருங்கள். ஓலை விசிறி மாதிரி மடிந்து விரிவது நினைத்ததைவிடக் கடினம். சந்தையில் ஆட்களைக் கீறுவதானால் முதலில் கேட்டுவிடுங்கள். மீன் விற்கும் ஒரு அம்மா என்னிடம், தான் சிரிப்பதுபோல் கீறச் சொல்லிவிட்டு, சிரிக்காமலே இருந்தார்.

வீட்டில் அம்மம்மா எழுதிய பழைய கொப்பிகள் இருக்கின்றன. என்ன செய்வது?

எறியாதீர்கள். சீட்டுக் கணக்கு, பலகாரக் குறிப்பு, தேவாரம் பார்த்தெழுதியது, சாதகக் குறிப்பு, எதுவாக இருந்தாலும் சரி. 1981 யூன் முதலாம் தேதி இரவோடு எங்கள் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அச்சுப் புத்தகங்கள் பலவற்றை உலகத்தில் வேறெங்காவது தேடிப் பிடிக்கலாம். கையால் எழுதிய ஏடுகளுக்கு இரண்டாம் பிரதி இல்லை.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நானும் ஒரு பை உடுப்போடு வெளிக்கிட்டேன், கொப்பிகளை அலுமாரியிலேயே விட்டுவிட்டேன். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரி நின்றது, உள்ளே கறையான் மண் மட்டும் இருந்தது. இரண்டு வருடமாகக் கீறிய படங்கள் எல்லாம் அதில் போயின. ஆகவே இதை அனுபவத்தில் சொல்கிறேன்: நிலத்திலும் சுவரிலும் முட்டாத உயரமான தட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட விரியுங்கள், நேர் வெயிலில் வைக்க வேண்டாம். பழைய தாளைப் பிளாஸ்டிக் போட்டு ஒட்டிவிடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். போன் இதற்கு மிக நல்ல கருவி. 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தையும் கேட்டுப் பார்க்கலாம். எழுதியவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் இருந்து, எது எந்த வருடம், யாருடைய கணக்கு என்று கேட்டு, தனித் தாளில் பென்சிலால் எழுதிக் கொப்பிக்குள் வையுங்கள். மை ஊறும், பென்சில் ஊறாது.